பழமொழி: தீர்ப்பா, சாட்சியா?

மனிதன் எழுதக் கற்றுக்கொண்ட சில நூற்றாண்டுகளுக்குள்ளேயே பழமொழிகளையும் எழுதி வைக்கத் தொடங்கிவிட்டான். யூப்ரட்டீசு, டைகிரிசு என்னும் ஈராறுகளுக்கு இடைப்பட்ட சுமேரிய நாட்டில், ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன்னர், நிப்பூர் முதலிய நகரங்களில் எழுத்தர்களைப் பயிற்றும் பள்ளிகள் நடைபெற்றன. அங்கு ஆசிரியர் வட்டமான களிமண் வில்லையொன்றில் பழமொழி ஒன்றை எழுதித் தருவார். மாணவன் அதனைப் பார்த்து எழுதிப் பழகுவான். ஆசிரியரின் தேர்ந்த கையும் மாணவனின் தடுமாறும் கையும் ஒருங்கே பதிந்த அவ்வில்லைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் காக்கப்பெறுகின்றன. பழமொழியைக் கொண்டு பிள்ளைகளுக்கு எழுத்தையும் ஒழுக்கத்தையும் ஒருசேரக் கற்பிக்கும் வழக்கம் அத்துணைத் தொன்மை வாய்ந்தது.

தமிழர் இவ்வகையில் எவர்க்கும் பின்னடைந்தவர் அல்லர். தொல்காப்பியர் தம் செய்யுளியலில் முதுமொழிக்கு இலக்கணம் வகுத்தார். முன்றுறை அரையனார் பழமொழி நானூறு பாடி, வெண்பாதோறும் ஒரு பழமொழியைப் பொதிந்து வைத்தார். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் செய்யுளும் மொழியணியும் என்னும் பகுதியில் பழமொழி இன்றளவும் இடம்பெற்று வருகின்றது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான அரசுத் தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தேர்வுக்காகவே மனனம் செய்ய வேண்டும் என்னும் நெருக்கடி தளர்ந்துவிட்ட இந்நாளில், பழமொழியை எதற்காகக் கற்க வேண்டும் என்னும் வினா முன்னினும் கூர்மை பெற்று நிற்கின்றது.

"பழமொழி முன்னோரின் அனுபவ உண்மை, அதன்படி நடந்தால் வாழ்வு செழிக்கும்" என்பது இவ்வினாவிற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை. இவ்விடை எளியது; இனியது. ஆயினும், சற்று ஆழ்ந்து நோக்குவார்க்கு இது போதிய விடையன்று என்பது விளங்கும்.

முரண்படும் முதுமொழிகள்

"பதறாத காரியம் சிதறாது" என்கின்றது ஒரு பழமொழி. "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்கின்றது மற்றொன்று. முன்னது பொறுத்திருக்கச் சொல்கின்றது. பின்னது காலந்தாழ்த்தாதே என்று விரட்டுகின்றது. "நிறைகுடம் தளும்பாது" என்று அடக்கத்தைப் போற்றும் அதே நாவு, "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று வாய்திறந்து கேட்பவனுக்கே கிடைக்கும் எனவும் பேசுகின்றது.

இம்முரண் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பல கைகள் கூடினால் வேலை எளிதாகும் என்று கூறும் ஆங்கிலேயர், சமையற்காரர் பலரானால் குழம்பு கெடும் என்றும் கூறுவர். வெளியே நீண்டு நிற்கும் முளை அடிபடும் என்பது சப்பானியர் வழக்கு. கிரீச்சிடும் சக்கரத்திற்கே எண்ணெய் கிடைக்கும் என்பது அமெரிக்கர் வழக்கு. மலாய் மக்களிடையே, "பிள்ளை மாண்டாலும் மாளட்டும், மரபு மாளலாகாது" என்னும் பொருளுடைய பழமொழி ஒன்று உண்டு. "வெள்ளம் ஒருமுறை வந்தால் ஆற்றுத்துறையும் ஒருமுறை மாறும்" என்னும் பொருளுடைய பழமொழியும் அவர்களிடையே உண்டு. மரபைக் காக்கச் சொல்வது ஒன்று. காலம் மாறுகையில் மரபும் மாறும் என்பதை ஒப்புக்கொள்வது மற்றொன்று. இரண்டும் ஒரே மக்களின் வாயில் வழங்குகின்றன.

இரண்டும் உண்மையாயின், எதனைப் பின்பற்றுவது? இரண்டில் ஒன்று பொய்யாயின், அப்பொய்யை முன்னோர் ஏன் போற்றினர்? இவ்விடத்தில் தடுமாறும் சிலர், பழமொழி என்பது வாய்க்கு வந்தபடி பேசுவதற்குரிய அலங்காரமே என்று தள்ளிவிடுவர். வேறு சிலர், பழமையானவை யாவும் உண்மையே எனக் கண்மூடி ஏற்பர். இரு சாராரும் பழமொழியின் இயல்பை உணர்ந்தாரல்லர்.

தொல்காப்பியர் கூறிய இலக்கணத்தை நினைவுகூர்வது ஈண்டுப் பொருந்தும். நுட்பம், சொற்சுருக்கம், தெளிவு, எளிமை ஆகியவற்றை முதுமொழியின் பண்புகளாகக் கூறிய அவர், அதனோடு அமையவில்லை. ஒருவர் கருதிய பொருளை நிறைவேற்றுதற்குத் துணையாக வரும் காரணமே முதுமொழி என்னும் கருத்தையும் சேர்த்துரைத்தார். அஃதாவது, பழமொழி தனித்து நிற்பதன்று. முன்னே ஒரு சிக்கல் இருக்க வேண்டும், அதனைப் பற்றிப் பேசும் ஒருவர் இருக்க வேண்டும், அவர் நிறுவ விழையும் கருத்தொன்று இருக்க வேண்டும். அதற்குத் துணைபுரியவே பழமொழி வருகின்றது. மருத்துவர் பேழையில் காய்ச்சலுக்கு ஒன்றும் குளிருக்கு ஒன்றுமாக மருந்துகள் இருப்பது முரண் ஆகாது. எந்நோயாளிக்கு எது என்று அறியாது கொடுப்பதே பிழையாகும்.

வழக்குமன்றத்தில் ஒரு பழமொழி

பழமொழியை வாழ்வின் இன்றியமையாக் கருவியாகக் கொண்ட மக்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் பலர் உளர். பழமொழி சொல்லின் குதிரை. சொல் தொலைந்துபோனால் அதன்மேல் ஏறித் தேட வேண்டும் என்பது யோருபா மக்களின் கருத்து. நைசீரியாவின் தென்கிழக்குப் பகுதியில் வாழும் அனாங் மக்கள் தம் வழக்குமன்றங்களிலேயே பழமொழிகளை வாதமாக எடுத்துரைத்தனர். அம்மன்றங்களை நேரில் ஆய்ந்த அமெரிக்க மானிடவியலறிஞர் சான் மெசஞ்சர் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வழக்கைக் குறித்துள்ளார்.

திருட்டுப் பழக்கம் உடையவன் என்று ஊரறிந்த ஒருவன்மீது மீண்டும் திருட்டுக் குற்றம் சாற்றப்பட்டது. வழக்குத் தொடுத்தவர், பனங்குலையிலிருந்து பழம் பறிக்கும் நாய் முள்ளம்பன்றிக்கு அஞ்சாது என்று ஒரு பழமொழியைக் கூறினார். முட்கள் நிறைந்த குலையில் வாய்வைத்துப் பழகிய நாய்க்கு முள்ளம்பன்றியின் முள் ஒரு பொருட்டன்று. அதுபோலத் திருடிப் பழகியவனுக்கு இத்திருட்டும் ஒரு பொருட்டன்று என்பது கருத்து. சாட்சிகள் பேசுமுன்னரே அவையோர் பலர் அவனைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டனர். ஆனால், இம்முறை அவன் குற்றமற்றவன் என்பதற்கே சான்றுகள் இருந்தன. அவனும் ஒரு பழமொழியால் விடையிறுத்தான். புதரினூடே தனியே பறக்கும் கௌதாரி தடம் விட்டுச் செல்வதில்லை என்றான். கூட்டமாகச் செல்லும் கௌதாரிகளின் வழி மிதிபட்ட புல்லால் தெரியும், தனிப்பறவைக்குத் தடமில்லை. துணைநிற்பார் ஒருவருமில்லாத தன்னைப் பழைய குற்றங்களையும் பிறர் வெறுப்பையும் கருதாது, இவ்வழக்கின் உண்மையைக் கொண்டே ஆராய வேண்டும் என்பது அவன் வேண்டுகோள். அவன் விடுதலை பெற்றான்.

இந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம் பெரிது. முதற் பழமொழி பொய்யன்று. தீய பழக்கம் அச்சத்தைப் போக்கிவிடும் என்பது உலகறிந்த உண்மை. ஆயினும், அவ்வுண்மை அம்மனிதன் அன்று அப்பொருளைத் திருடினான் என்பதற்குச் சான்றாகாது. பொதுவாக உண்மையாகிய ஒன்று, தனியொருவனுக்கு அநீதியாக முடியக்கூடும். பழமொழி வழக்குமன்றத்தில் ஏறும் சாட்சியைப் போன்றது. அதன் சொல்லைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால், சாட்சியையே நீதிபதியின் இருக்கையில் அமர்த்தினால் நீதி நிலைபெறுமா?

யார் சொல்வது? யாருக்குச் சொல்வது?

சாட்சி சொல்பவர் யார் என்று வினவுவது நீதிமன்ற மரபு. பழமொழிக்கும் இவ்வினா பொருந்தும்.

சீனர் வழங்கும் பழமொழிகளுள் எல்லைப்புற முதியவர் குதிரையை இழந்த கதையும் ஒன்று. கி.மு. 139இல் சீனப் பேரரசருக்குப் படைக்கப்பட்ட குவைநான்சி என்னும் நூலில் இக்கதை காணப்படுகின்றது. குதிரை ஓடிப்போயிற்று, அயலார் வந்து ஆறுதல் கூறினர். இது நன்மையாகாது என்று எவ்வாறு அறிவீர் என்றார் முதியவர். சில மாதங்களில் அக்குதிரை வேறு நல்ல குதிரைகளோடு திரும்பிற்று; அயலார் மகிழ்ந்தனர்; முதியவர் இது தீமையாகாது என்று எவ்வாறு அறிவீர் என்றார். மகன் குதிரையேறி விழுந்து கால் முறிந்தான். போர் மூண்டபோது ஊர் இளைஞருட் பெரும்பாலோர் மாண்டனர். காலொடிந்தமையால் அவன் உயிர் பிழைத்தான்.

இக்கதையில் கருதத்தக்கது ஒன்றுண்டு. தீமையிலும் நன்மை விளையலாம் என்று கூறியவர், குதிரையை இழந்த முதியவரே. அயலார் அன்று அதனைக் கூறவில்லை; அவர்கள் துயரத்தில் பங்குகொள்ளவே வந்தனர். அவர்கள் வந்து, "போனது நல்லதற்கே, கவலற்க" என்று கூறியிருப்பின், அதே சொற்கள் அன்பற்ற சொற்களாகியிருக்கும். இழந்தவன் தனக்குத் தானே கூறிக்கொள்ளும்பொழுது ஞானமாக விளங்குவது, இழக்காதவன் அவனுக்குக் கூறும்பொழுது இரக்கமின்மையாக மாறிவிடுகின்றது.

மரபைப் பற்றிய மலாய்ப் பழமொழியையும் இவ்வாறே நோக்கலாம். சுமத்ராவின் வடமுனையில் உள்ள ஆச்சே நாட்டில் இதனை ஒத்த மொழியொன்று வழங்குகின்றது. பிள்ளை இறந்தால் கல்லறையேனும் இருக்கும், மரபு தொலைந்தால் எங்கே தேடுவது என்பது அதன் பொருள். 1607 முதல் 1636 வரை ஆண்ட சுல்தான் இசுகந்தர் மூடா, குற்றம் இழைத்த தம் சொந்த மகனுக்கே மரண தண்டனை விதித்தார் என்றும், அப்பொழுது கூறிய மொழியே இது என்றும் அந்நாட்டு மரபு கூறுகின்றது. அவர்க்குப் பின் அரியணை ஏறியவர், பகாங்கிலிருந்து சென்ற அவருடைய மருமகனே. ஆன்கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழர்க்கு இம்மரபு அயலதாகத் தோன்றாது.

அரசர் செய்தது சரியா என்பது தனியே ஆராயத்தக்க வினா. மாண்டவன் மகன் அல்லவா என்று கேட்போர்க்கும் இடமுண்டு. ஆயினும், அம்மொழிக்குரிய விலையில் ஒரு பங்கைச் சொன்னவரே செலுத்தினார் என்பதை மறுத்தல் இயலாது. சட்டம் தம் குடிமக்களுக்கு மட்டுமன்று, தம் குருதிக்கும் உரியது என்பதே அதன் உட்பொருள். அதே மொழியை ஒருவர் தம் பிள்ளையை விட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையின்மேல் ஏவுவாராயின், அவர் இழப்பது யாது? சாதிக்கு வெளியே மணம் புரிய விழையும் இளைஞரை நோக்கி மரபின் பெயரால் பேசப்படும் பழமொழிகள் பல. அவற்றின் விலையைச் செலுத்துவோர் சொல்வோர் அல்லர்.

"போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து" என்பது தமிழர் வாழ்வில் நிலைபெற்ற மொழி. வீட்டின்மேல் வீடு வாங்கியும் மனநிறைவு காணாதவன் இதனைத் தனக்குத் தானே கூறிக்கொள்வானாயின், அவனுக்கு இது மருந்தே. ஆனால், விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய தொழிலாளி தன் கூலியை உயர்த்துமாறு கேட்கும்பொழுது, கூலி கொடுப்பவர் இதே மொழியைக் கூறினால் அது மருந்தாகுமா? பட்டணத்து உயர்நிலைக் கல்வியை விரும்பிய தோட்டத்துப் பிள்ளையிடம் "விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும்" என்பாரும் உண்டு. விரல் சிறிது என்று அளந்தவர் யார்? அளந்தவரின் விரலுக்கு அவ்வளவுகோல் பொருந்துமா?

பழமொழி எளியோரிடமிருந்து வலியோரை நோக்கிச் செல்வதும் உண்டு. நெதர்லாந்து நாட்டு அறிஞர் இராசுமசு 1500ஆம் ஆண்டில் கிரேக்க, இலத்தீன் பழமொழிகளின் தொகுப்பொன்றை வெளியிட்டார். தொடக்கத்தில் எண்ணூற்றுச் சொச்சமாக இருந்த அத்தொகுப்பு, அவர் 1536இல் மறைவதற்குள் நாலாயிரத்தைக் கடந்தது. அவற்றுள், போர் அதனை அறியாதவர்க்கே இனிது என்பது ஒன்று. 1515ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்வொரு பழமொழிக்கு எழுதிய விளக்கத்தை நீண்டதொரு கட்டுரையாகவே விரித்து, போர்வெறி கொண்ட ஐரோப்பிய மன்னர்களை அவர் இடித்துரைத்தார். வாளேந்திய மன்னர்க்கெதிரே வாளற்ற அறிஞர் எடுத்த சாட்சி அப்பழமொழி. பழமொழி யாரை அடக்குவதற்கு வருகின்றது, யாரைக் காப்பதற்கு வருகின்றது என்னும் வேறுபாட்டில்தான் அதன் அறம் தங்கியிருக்கின்றது.

பழையன யாவும் நல்லனவா?

இனி, எவ்விடத்தில் எவர் கூறினும் ஏற்கத்தகாத பழமொழிகளும் உள என்பதை மறைத்தல் ஆகாது. "அடியாத மாடு படியாது" என்பது பிரம்பெடுத்த கைகள் பலவற்றிற்கு நெடுங்காலம் துணைநின்ற மொழி. "பெண் புத்தி பின் புத்தி" என்பது பெண்ணின் வாயை அடைக்கப் பயன்பட்ட மொழி. இவற்றிற்குப் புதுவிளக்கம் கூறிக் காப்பாற்ற முனைவோர் உளர். அண்ணன் தம்பி உதவுவதினும் அடியே உதவும் என்னும் பழமொழியில் வரும் அடி இறைவன் திருவடியே என்பர். பின்வருவதை முன்னறியும் புத்தியே பெண் புத்தி என்பர்.

இவர்களின் நோக்கம் நன்று; சொல்லாற்றலும் பாராட்டத்தக்கது. எனினும், சொல்லின் பொருளை முடிவு செய்வது அகராதி மட்டுமன்று; அச்சொல்லை வழங்கிய மக்களின் நடைமுறையுமாகும். அப்பழமொழியைக் கேட்டுக்கொண்டே அடிபட்ட பிள்ளையின் முதுகிற்குத் திருவடி விளக்கம் மருந்தாகாது. முன்னோர் பிழையே செய்திலர் என்று நாட்டுவதற்காகப் பொருளைத் திரிப்பது, முன்னோரை மதிப்பதும் ஆகாது. அவர்களை மனிதராகக் கருத மறுப்பதே ஆகும். அவர்களும் அறிவுடையோர், அவர்களிடமும் தம் காலத்தின் குறைகள் இருந்தன.

அவ்வாறாயின் அப்பழமொழிகளை அழித்துவிடலாமா எனின், அதுவும் தகாது. பெர்சிவல் பாதிரியார் 1842இல் தமிழ்ப் பழமொழித் தொகுப்பொன்றை வெளியிட்டார். 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் அது ஆறாயிரத்திற்கு மேற்பட்ட பழமொழிகளைக் கொண்டிருந்தது. 1897இல் டென்மார்க்கு நாட்டவரான செர்மன் சென்சன் 3,644 பழமொழிகளைப் பொருள்வாரியாக வகுத்து அளித்தார். தொகுப்பவர் பலவகைப் பழமொழிகளையும் பதிவு செய்தமையால்தான், அக்காலச் சமுதாயத்தின் முகம் மறுவோடும் பொலிவோடும் இன்று காணக் கிடைக்கின்றது. தொகுப்பாசிரியரின் கடமை காத்தல். வகுப்பாசிரியரின் கடமை தேர்தல். ஒரு பழமொழியை அறிந்து வைத்திருப்பதற்கும் அதற்குக் கீழ்ப்படிவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துவதே கல்வி.

ஆசிரியர்க்கு உரியது

பழமொழியும் பொருளும் என இரு பத்திகளாக எழுதி, கோடிட்டு இணைக்கச் செய்யும் பயிற்சி மாணவனின் நினைவை வளர்க்கும். அவன் அறிவை வளர்க்க அது மட்டும் போதாது. ஒரு பழமொழியைக் கற்பிக்குந்தோறும் மூன்று வினாக்களை வகுப்பில் எழுப்புதல் நலம் பயக்கும். இஃது எச்சூழலில் பொருந்தும், எச்சூழலில் பொருந்தாது என்பது முதல் வினா. இதனைச் சொல்பவர் தம்மீதும் இதனைச் சாற்றிக்கொள்வாரா என்பது இரண்டாம் வினா. இதனைக் கேட்பவர் நிமிர்ந்து நிற்பாரா, குனிந்து போவாரா என்பது மூன்றாம் வினா.

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வினாக்கள் கடினம் என்று எண்ணுதல் வேண்டா. "பதறாத காரியம் சிதறாது", "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" ஆகிய இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, தேர்வெழுதும் மாணவனுக்கு எது, தீப்பற்றிய வீட்டில் இருப்பவனுக்கு எது என்று கேட்டால், வகுப்பே விடை கூறும். அண்டை வகுப்பில் மலாய்மொழி கற்பிக்கும் ஆசிரியரிடமிருந்து நெற்கதிர் முற்ற முற்றத் தலைசாயும் என்னும் மலாய்ப் பழமொழியைக் கேட்டறிந்து, நிறைகுடத்தோடு அதனை ஒப்பிடச் செய்யலாம். வயலில் கண்ட உண்மையும் குடத்தில் கண்ட உண்மையும் ஒன்றே என்று உணரும் பிள்ளை, அயலாரை மதிக்கவும் உடன் கற்றுக்கொள்கின்றது.

இவ்வாறு பயின்ற வகுப்பில் ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இந்தப் பழமொழி தவறு என்று எனக்குத் தோன்றுகின்றது" என்று கூறக்கூடும். அவ்வேளையில் "பெரியோர் சொன்னதை மறுத்துப் பேசாதே" என்று அவளை அமர்த்திவிடும் ஆசிரியர், பழமொழியைத் தீர்ப்பாக்கிவிடுகின்றார். "ஏன் அவ்வாறு தோன்றுகின்றது? காரணம் கூறு" என்று கேட்கும் ஆசிரியரோ, தொல்காப்பியர் முதுமொழிக்குக் கூறிய இலக்கணத்தையே அம்மாணவிக்குச் செயலில் காட்டுகின்றார். காரணம் கூறத் தொடங்கிய அப்பிள்ளை, முன்னோர் எவ்வழியில் பழமொழிகளைக் கண்டனரோ அவ்வழியிலேயே அடியெடுத்து வைக்கின்றாள். தமிழ்ப்பள்ளிகளில் அத்தகைய பிள்ளைகள் பெருகுதல் வேண்டும். அவர்களைக் கண்டு மகிழும் ஆசிரியர்களும் பெருகுதல் வேண்டும்.